உழைப்பாளர் சிலை என்ன சொல்கிறது?

(திண்டிவனத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



மே தினத்துக்குச் சென்னை போவதைப் பற்றிப் பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம். எத்தனை வண்டி, தலைக்கு என்ன செலவு, சோற்றுப் பொட்டலம் யார் பொறுப்பு என்பதெல்லாம் பேசி முடித்தாயிற்று. எனக்குக் கொடுத்திருக்கிற நேரத்தில் வேறு ஒரு விஷயம் பேசப் போகிறேன்.

போன வருஷம் ஊர்வலம் முடிந்து கடற்கரைக்குப் போனோம். உழைப்பாளர் சிலையைப் பார்த்துவிட்டு வண்டி ஏறும்போது, நாற்று நடப் போகிற அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் தோழர், வருஷா வருஷம் வந்து அந்தச் சிலையைப் பார்த்துட்டுப் போறோம். அந்த நாலு பேரு யாரு? எதுக்குக் கல்லைத் தள்றாங்க? அதுல ஒரு பொம்பளைகூட இல்லியே, அது ஏன்?"

"அவர்கள் உழைப்பாளிகளம்மா" என்றேன். "அதுதான் தெரியுதே" என்றார். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. சிற்பக் கலை எல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நானும் ஒதுங்கியே இருந்துவிட்டேன். ஆனால் அந்த அம்மாவின் கேள்வி விடவில்லை. இந்த ஒரு வருஷமாக அந்தச் சிலையைப் பற்றித் தேடினேன், கேட்டேன், இரண்டு தரம் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

யார் செய்தது, யார் வைத்தது?

சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-ல் இன்றைய வங்காள தேசத்தில் இருக்கிற ரங்கப்பூர்ப் பகுதியில் பிறந்தவர். 1929 முதல் 1957 வரை சென்னை கலைத் தொழிற் பள்ளியின் தலைவராக இருந்தார். வெள்ளைக்காரர்களே தலைமை வகித்து வந்த அந்தப் பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவர் அவர்தான். மல்யுத்தம் பழகியவர், வேட்டைக்காரர், புல்லாங்குழல் வாசிப்பவர். மல்யுத்தம் பழகிய உடம்புக்குத்தான் எந்தப் பாரத்துக்கு எந்தத் தசை இறுகும் என்று தெரியும். சிலையைப் பார்த்தால் அது விளங்கும். கடற்கரையில் நிற்கிற காந்தி சிலையும் அவர் செய்ததே. பாட்னாவில், 1942-ல் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்டு இறந்த ஏழு மாணவர்களுக்கு வைத்திருக்கிற நினைவுச் சிலையும் அவர் கைவேலைதான்.

நம் சிலை 1959 ஜனவரி 25-ம் தேதி, குடியரசு தினத்துக்கு முதல் நாள் திறக்கப்பட்டது. அப்போது காமராஜர் முதலமைச்சர், விஷ்ணுராம் மேதி கவர்னர். வெண்கலச் சிலை. இதே உருவம் டில்லியில் தேசிய நவீன ஓவியக் கூடத்தின் வெளி முற்றத்திலும் நிற்கிறது. ஓவியங்களும் சிற்பங்களும் பார்க்க வருகிறவர்கள் இந்த நாலு பேரையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

நம் தோழர்கள் பலர், 1923-ல் சிங்காரவேலர் முதல் மே தினம் கொண்டாடிய இடத்தில் அதன் ஞாபகார்த்தமாக வைத்த சிலை இது என்று சொல்கிறார்கள். கதை கட்ட வேண்டாம், தோழர்களே. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இரண்டு இடங்களில் கூட்டம் நடத்தினார். ஒன்று ஐக்கோர்ட்டுக்கு எதிரே உள்ள கடற்கரை, மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. இந்த நாட்டில் மே தினச் செங்கொடி முதன்முதலில் ஏறியது அன்றுதான். 36 வருஷம் கழித்து அதே திருவல்லிக்கேணிக் கடற்கரைப் பக்கத்தில் சர்க்கார் இந்தச் சிலையை வைத்தது. மே தினத்தின் ஞாபகமாக இதைச் செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் வைத்தவர்கள் எதை நினைத்து வைத்திருந்தாலும், உழைப்பாளி மக்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். சிலையின் அர்த்தத்தில் பாதி செய்தவருடையது என்றால், மீதிப் பாதி அதன் முன்னால் வந்து நிற்கிறவர்களுடையது.

பெயர் இல்லாத நாலு பேர்

இனி சிலையைப் பார்ப்போம். ஒரு பெரிய பாறை. நாலு ஆண்கள். இடுப்பில் கோவணம், அவ்வளவுதான். பாறையைப் பெயர்த்து நகர்த்தப் பார்க்கிறார்கள். நெம்புகிறவர்களும் இருக்கிறார்கள், உடம்பைக் கொடுத்துத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் நிற்கிற மாதிரி இன்னொருவர் நிற்கவில்லை. ஆனால் நாலு பேர் பலமும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்.

மேஸ்திரி இல்லை. கங்காணி இல்லை. குடை பிடித்துக்கொண்டு நிற்கிற துரை இல்லை. நாலு பேரில் ஒருவர்கூட நம்மைப் பார்க்கவில்லை. மற்றச் சிலைகள் எல்லாம் வருகிறவனைப் பார்த்து நிற்கும், கையை நீட்டும், ஆசீர்வாதம் பண்ணும். இவர்களுக்கு நம்மைப் பார்க்க நேரமில்லை, வேலை இருக்கிறது.

கடற்கரை நெடுகச் சிலைகள். காந்தி, திருவள்ளுவர், அவ்வையார், பாரதியார் என்று பெரியவர்கள் நிற்கிறார்கள். நிற்க வேண்டியவர்கள்தான். அவர்கள் எல்லாருக்கும் பெயர் உண்டு. இந்த நாலு பேருக்கு மட்டும் பெயர் இல்லை. ராய் சௌத்ரியின் பள்ளியில் ராத்திரிக் காவல் பார்த்த ஒருவரும் இன்னொருவரும் மாறி மாறி நின்று காட்ட, அந்த இரண்டு பேர் உடம்பைப் பார்த்துத்தான் நாலு உருவங்களையும் வடித்தார் என்று சொல்கிறார்கள். ராத்திரி முழுக்க வாசல் காத்த மனிதர் பகலில் பாறை தள்ளுகிற மாதிரி நின்றிருக்கிறார். அதுவும் வேலைதானே!

பெயர் இல்லாதது குறையா, நிறையா? இரண்டு சிலைகளை நினைத்துப் பாருங்கள். மவுண்ட் ரோட்டுப் பக்கம் தீவுத் திடலில் மன்றோ துரை குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். 1839-ல் வைத்தது. அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு உயரமான பீடம். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்துக்குக் கவர்னர். ரயத்துவாரி என்கிற நிலவரி முறையை இங்கே நிலைநாட்டியவர். அந்த முறையில் சர்க்கார் நேராகப் பட்டாதாரரிடம் வரி வாங்கியது. பட்டாவில் பெயர் இருந்தவன் கணக்கில் வந்தான். அவன் நிலத்தில் ஏர் ஓட்டிய பண்ணையாள் எந்தப் பட்டாவிலும் இல்லை. பட்டாவில் பெயர் இல்லாதவனுடைய சிலைதான் கடற்கரையில் நிற்கிறது. மன்றோ மேலே, பீடத்தில். இவர்கள் கீழே, மண்ணில் காலை ஊன்றிக்கொண்டு.

நம்மூர்ப் பக்கமே வருவோம். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே மண்டகப்பட்டு என்று ஒரு ஊர். அங்கே பாறையைக் குடைந்து செய்த கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலைச் செய்வித்தேன் என்று ராஜா கல்வெட்டு வைத்திருக்கிறார், தன் பட்டப் பெயரோடு. சரி, உலோகம் இல்லாமல் கட்டியிருக்கலாம். உளி இல்லாமல் குடைந்தார்களா? அந்த உளியைப் பிடித்தவன் பெயர் என்ன? அது கல்வெட்டில் இல்லை.

ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து ஒரு சிற்பி, கல்வெட்டில் இடம் கிடைக்காத அந்த ஆளையே சிலையாக்கிவிட்டார். பெயர் எழுதியிருந்தால் நாலு பேர்தான். எழுதாததால் யார் வேண்டுமானாலும் அதில் தன்னைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெற்றி எங்கே இருக்கிறது?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். தமிழில் நாம் உழைப்பாளர் சிலை என்கிறோம். ஆனால் இங்கிலீஷில் அதற்கு வைத்த பெயருக்கு 'உழைப்பின் வெற்றி' என்று அர்த்தம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்ன வெற்றி? கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது! 1959-லிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு விரற்கடை நகரவில்லை. வெற்றி என்றால் கல் உருண்ட பிறகு அதன் மேல் ஏறி நின்று கையை உயர்த்தியிருக்க வேண்டாமா? சர்க்கார் வைத்த சிலைதானே, ஏழைக்கு வெறும் வார்த்தையில் வெற்றியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் என் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது.

என் அப்பா கல்குவாரியில் வேலை செய்தவர். நம் வட்டாரத்தில் குவாரிக்குப் பஞ்சமில்லை, உங்களில் பாதிப் பேருக்கு அந்தப் புழுதி தெரியும். ஒருநாள் நாலு பேர் சேர்ந்து கடப்பாரை போட்டு ஒரு கல்லை நெம்பிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலம் தொடங்கிய வேலை, பொழுது சாயப் போகிற நேரம். நாலு பேரில் ஒருவருக்குக் கை சோர்ந்து கடப்பாரை நழுவியது. மூன்று பேரால் தாங்க முடியவில்லை. கல் திரும்ப உட்கார்ந்தது. அப்பாவின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. குத்தகைக்காரர் வைத்தியத்துக்குப் பணம் கொடுத்தார். பிறகு அதை வாரா வாரம் கூலியில் பிடித்துக்கொண்டார். நழுவவிட்டவரை அப்பா கடைசி வரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "அவனும் மனுஷன்தானே, பன்னெண்டு மணி நேரம் எவன் கை தாங்கும்?" என்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பா என்னைச் சென்னைக்கு ஒரு மாநாட்டுக்கு அழைத்துப் போனார். அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சிலையைப் பார்த்தேன். எனக்குக் கடலுக்கு ஓட வேண்டும் என்று அவசரம். அப்பா நகரவில்லை. சிலையைச் சுற்றி வந்தார். ஒவ்வொருவர் காலையும் பார்த்தார், கையைப் பார்த்தார். கல்லுக்கு அடியில் குனிந்து பார்த்தார். வேலைக்கு வந்த புது ஆளை மேஸ்திரி எடை போடுகிற மாதிரி பார்த்தார். பிறகு சொன்னார்: "கல்லு இன்னும் அசையலடா. ஆனா அசையும். பாரு, ஒருத்தனும் கையை விடல."

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. இன்றைக்கு விளங்குகிறது. சிற்பி நினைத்திருந்தால் கல் உருண்டு போன பிறகு உள்ள காட்சியைச் செய்திருக்கலாம். முதல் ஆள் தனியாக வந்து கல்லைத் தொட்டுப் பார்த்த காட்சியைச் செய்திருக்கலாம். அவர் இரண்டையும் எடுக்கவில்லை. நாலு பேரும் சேர்ந்து பிடித்து, ஒருவரும் விடாத அந்த நேரத்தைத்தான் எடுத்தார். அதற்குத்தான் வெற்றி என்று பெயர். கல் அசைவது அப்புறம் நடக்கிறது. அது நடக்கப் போவது நிச்சயமாவது இந்த நேரத்தில்தான். ஒருவர் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் என் அப்பாவின் கையில் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஜே.சி.பி. வந்துவிட்டதே!

இதை நம் இளம் தோழர் ஒருவரிடம் சொன்னேன், ஆலையில் வேலை செய்கிறவர். அவர் சொன்னார்: "தோழர், அந்தக் காலம் போச்சு. இப்ப ஒரு ஜே.சி.பி. வந்தா அஞ்சு நிமிஷத்துல அந்தக் கல்லைத் தூக்கிப் போட்டுடும். அதுவும் இல்லாம, அந்த நாலு பேருக்கு இருக்கிற புஜம் நம்ம ஆளுங்க யாருக்கு இருக்கு? கஷ்டத்தை அழகாக் காட்டி வெச்சிருக்காங்க."

நியாயமான பேச்சு. கோவணம் கட்டிப் பாறை தள்ளுவது ஒன்றும் பெருமை இல்லை. இயந்திரம் வந்து அந்தச் சுமையை இறக்கினால் நல்லது. ஆனால் இறக்கியதா? ஜே.சி.பி. ஓட்டுகிறவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், கேளுங்கள். பாறை மாறியிருக்கிறது, பாரம் மாறவில்லை. வேலை நேரம் என்கிற பாறை இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அந்தப் பாறையைத் தள்ளிய கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சு சர்க்கார் சுட்டது. 12 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தப் பெரிய ஆலைகளில் இன்றைக்குச் சங்கு ஊதவில்லை. ஆனால் அன்று நகர்த்திய கல் நகர்த்தியதுதான்.

அதே பாறை திரும்ப உருண்டு வரவும் பார்க்கும். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. வேலை நேரத்தை நாளைக்குப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழி செய்தது அது. சிங்காரவேலர் கொடியேற்றி சரியாக நூறு வருஷம் முடிகிற நேரம்! கூட்டணிக் கட்சிகளே சபையில் எதிர்த்தன. வெளியே வெவ்வேறு கொடி பிடிக்கிற சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. மே 1 அன்று முதலமைச்சரே அதை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். பத்தே நாள்! அந்தப் பத்து நாளும் கையை விடாமல் பிடித்தோம், அதனால்தான் கல் நம் மேல் உருளவில்லை.

புஜத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆட்கள் மெலிந்திருப்பது உண்மை. சோறு போதவில்லை. சிற்பி வடித்தது மெலிந்த உடம்பின் படம் அல்ல, அந்த உடம்புக்குள் இருக்கிற பலம். மெலிந்த நாலு பேர் சேர்ந்தால் அந்தப் பலம் வரும். அப்படித்தான் நான் அதைப் பார்க்கிறேன். வேறு மாதிரி பார்க்கிறவர் இருந்தால் எழுந்து சொல்லலாம்.

பெண்கள் எங்கே?

கடைசியாக, அந்த அம்மாவின் கேள்வி. நாலு பேரில் ஒரு பெண்கூட ஏன் இல்லை?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இல்லை. இருந்திருக்க வேண்டும். நம் குவாரியில் உடைத்த ஜல்லியைக் கூடையில் சுமப்பது யார்? நாற்று நடுவது, களை பறிப்பது யார்? ஆலையில் நூல் ஓட்டுவதும் பெண்கள்தான். உழைப்பு என்றால் ஆண் என்று நினைத்த காலத்து வேலை அது. சிற்பத்தை மதிக்கிறோம் என்பதற்காக அந்தக் குறையை மூட வேண்டியதில்லை.

மற்றச் சிற்பிகள் பெண்ணைச் செய்யாமல் இல்லை. வங்காளத்தில் சாந்தி நிகேதனத்தில் ராம்கிங்கர் பெய்ஜ் என்று ஒருவர். பாங்குராவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1956-ல் 'ஆலைச் சங்கு' என்று சொல்லத்தக்க ஒரு சிலை செய்தார். வெண்கலத்துக்குப் பணம் ஏது? சிமெண்டும் சரளைக் கல்லும் கலந்து வெட்டவெளியில் செய்தார். சங்கு ஊதிவிட்டது, இரண்டு சந்தால் பெண்கள் ஆலைக்கு ஓடுகிறார்கள். துவைத்த சேலையை உலர்த்த நேரமில்லை, ஓடுகிற ஓட்டத்திலேயே காற்றில் பறக்கிறது. பின்னால் ஒரு குழந்தை. சங்கு ஊதிய பிறகு கேட்டை மூடிவிடுவார்கள் என்று ஓடிய அனுபவம் உள்ள அம்மாக்கள் இங்கே எத்தனை பேர்! அந்தச் சிலைக்கு உங்களுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம்.

1937-ல் பாரிஸ் நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. சோவியத் மண்டபத்தின் உச்சியில் 24 மீட்டருக்கு மேல் உயரமான எஃகுச் சிலை ஒன்று நின்றது. ஆலைத் தொழிலாளி சுத்தியலை உயர்த்துகிறான், பண்ணையில் வேலை செய்கிற பெண் அரிவாளை உயர்த்துகிறாள். இரண்டு பேரும் ஒரே அடி எடுத்து வைக்கிறார்கள். அதைச் செய்தவரும் ஒரு பெண்தான், வேரா முகினா. இன்று அது மாஸ்கோவில் நிற்கிறது. ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிற இந்தக் கூட்டத்தைத்தான் அந்தச் சிலை காட்டுகிறது.

ஆகவே அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த நாலு பேர் நாம்தான். அவர்கள் தள்ளுகிற கல் எது என்று சிற்பி எழுதி வைக்கவில்லை. ஒரு காலத்தில் அது பதினான்கு மணி நேர வேலை. ஒரு காலத்தில் பண்ணையடிமை. இன்றைக்கு எது என்று நாம் சொல்ல வேண்டும். நீங்கள் அதில் இல்லை என்பது சிலையின் குறை. அந்தக் குறையைச் சிலையில் தீர்க்க முடியாது. நம் சங்கத்தில் தீர்க்கலாம். இந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் கமிட்டியில் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். சிலையைக் குறை சொல்லிவிட்டு நாம் அதையே செய்துகொண்டிருக்கக் கூடாது.

இந்த மே தினத்துக்குப் போகும்போது சிலையைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போய் ஒரு தரம் சுற்றி வாருங்கள். ஒவ்வொருவர் காலும் கையும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அப்பா பார்த்த மாதிரி பாருங்கள். பிள்ளைகள் இது என்ன என்று கேட்டால், யாரோ நாலு பேர் என்று சொல்லாதீர்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், யாரோடு சேர்ந்து செய்கிறீர்கள், ஒருவர் கையை விட்டால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அந்தச் சிலைக்கு அர்த்தம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வண்டிக்குப் பெயர் கொடுக்காதவர்கள் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த அம்மாவின் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.